வழிகாட்டி இல்லாமல் மலைநாட்டுச் சைக்கிள் பயணம்: வன்னியில் இருந்து யாராவது போனீர்களா?

குளத்தடி (கிளிநொச்சி) – 8 ஜூன் 2025

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் நானும் மச்சானும் என்னோடு படிப்பிக்கிற ஒருவருமாக மூன்று பேர் மலைநாட்டுக்குச் சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறோம். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, முடிந்தால் எல்ல. ஆறு நாள். இப்படியான பயணங்களை ஒழுங்கு செய்து கொடுக்கிற ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டுப் பார்த்தோம். கியர் சைக்கிள், கையில் ஒரு பாதைப் படம், தங்க இடம், பையை வானில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் வைப்பது, அவ்வளவுதான் தருவார்களாம். வழிகாட்டி வரமாட்டார், நாங்களே பார்த்து ஓடவேண்டும். அதற்கு அவர்கள் சொன்ன காசுக்கு இங்கே கன்றோடு ஒரு பசுமாடு வாங்கலாம். டொலரில்தான் சொன்னார்கள், வெள்ளைக்காரருக்குப் போட்ட விலை போல. நாங்களே பார்த்து ஓடுவதென்றால் அதை நாங்களே ஏன் ஒழுங்கு செய்யக்கூடாது?

எங்களிடம் இருப்பது இரண்டு லுமாலா (கியர் இல்லாத சாதாரண சைக்கிள்), ஒரு கியர் சைக்கிள். மிதிக்கப் பயமில்லை. ஒருமுறை பரந்தனால் முல்லைத்தீவுக் கடலுக்குப் போய் அன்றைக்கே திரும்பியிருக்கிறோம். ஆனால் மேடு என்று வாழ்க்கையில் ஏறியது இரணைமடுக் குளக்கட்டு மட்டும்தான். போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தால் ஏறுவது, ஓகஸ்டில் மழையா, சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது, எல்லாம்.

பாலைப்பழம் (வவுனியா)

குளக்கட்டில் ஏறி நின்று படம் எடுத்துப் போட்டவர்தானே நீங்கள்? அந்தப் படத்திலேயே மூச்சு வாங்குவது தெரிந்தது. நானும் வருகிறேன் என்று எழுதத்தான் வந்தேன், மனிசி பக்கத்தில் இருந்து வாசிக்கிறா, பிறகு எழுதுகிறேன்.

சில்லுக்காரன் (மாங்குளம்)

தம்பி, நான் சைக்கிள் திருத்துகிறவன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியே சைக்கிளில்தான் ஓடியது, நெல் மூட்டையும் நோயாளியும் ஒரே கரியரில் போன காலம், அப்போது பழகிய கை. அதனால் லுமாலாவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

காரணம் வெறும் கணக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பல்லை எண்ணுங்கள். என் கடையில் இப்போது நிற்கிற ஒன்றில் முன்னால் 44, பின்னால் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் சில்லு கிட்டத்தட்ட இரண்டரைத் தரம் சுற்றும், ஐந்து மீற்றருக்கு மேல் போய்விடுவீர்கள். எங்கள் சமதரை ஏ9 பாதைக்கு அது போதும், அதற்கு மேலே என்ன வேண்டும். மலையில் அதே ஒரு மிதியில் உங்கள் உடம்பையும் சைக்கிளையும் பையையும் ஐந்து மீற்றர் சரிவில் தள்ளவேண்டும், முழங்கால் கழன்றுபோகும். கியர் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்வட்டம் 22, பின்னால் பெரியது 34 என்று இருந்தால் ஒரு மிதிக்கு ஒன்றரை மீற்றரும் போகாது. நடக்கிறவன் முந்திப் போவான், வெட்கமாக இருக்கும், ஆனால் ஏறும்.

இதெல்லாம் இரண்டாவது பிரச்சினை. முதலாவது இறக்கம். வன்னியில் நாங்கள் பிறேக் பிடிப்பது மாட்டுக்கும் நாய்க்கும். ஒரு தரம் பிடித்தால் நின்றுவிடும், அதோடு முடிந்தது. பத்துக் கிலோமீற்றர் தொடர்ந்து பிறேக் பிடித்த அனுபவம் எங்கள் ஆட்கள் யாருக்கும் கிடையாது. பிடித்துக்கொண்டே இறங்கினால் பிறேக் கட்டை உரசி ரிம் கொதிக்கும், உள்ளே ரியூபில் காற்று விரிந்து வெடிக்கும். முன் சில்லில் வெடித்தால் யோசிக்க நேரம் இருக்காது. லுமாலாவின் கம்பி பிறேக் மழை பட்ட ரிம்மில் பிடிக்கவே பிடிக்காது, அது வேறு.

இறங்கும்போது ஒரேயடியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், ரிம்மில் காற்றுப் படட்டும், பிறகு பிடியுங்கள். வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் பிடித்தால் சறுக்கும். ஒவ்வொரு இரண்டு மூன்று கிலோமீற்றருக்கும் நிறுத்தி ரிம்முக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் தேத்தண்ணி குடிக்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆளுக்கு இரண்டு சோடி பிறேக் கட்டை மேலதிகமாக எடுத்துப் போங்கள்.

குளத்தடி

நன்றி அண்ணை. லுமாலாவுக்கே கியர் பூட்ட முடியாதா?

சில்லுக்காரன்

பூட்டலாம். அந்தச் செலவில் பாதிக்குப் பழைய மவுண்டன் சைக்கிள் வாங்கலாம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து ஊரெல்லாம் கியர் சைக்கிள் வாங்கினார்கள், வரிசை முடிந்ததும் அவ்வளவும் மாட்டுக்கொட்டிலில் கோழி ஏறிப் படுக்கக் கிடக்கிறது. ஒன்று இரண்டு பேரைக் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். கேபிள், பிறேக் கட்டை, செயின், ரயர் நாலையும் மாற்றினால் ஓடும். இங்கே கொண்டுவந்தால் நானே செய்து தருகிறேன்.

பனங்கூடல் (மன்னார்)

சில்லுக்காரன் அண்ணை சொன்னதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் முழங்கையில் இந்தத் தழும்பு இருக்காது.

2023 மார்ச்சில் கூட்டாளியோடு போனேன். சைக்கிள் கொண்டுபோகவில்லை, அங்கேயே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். எந்தக் கடை என்பதை விடுங்கள். பெயின்ற் பளபளப்பு, பிறேக் கட்டையில் ரப்பர் முடிந்து இரும்பு தெரிகிறது, நான் பெயின்றைத்தான் பார்த்தேன். நுவரெலியாவில் இருந்து சீதா எலிய அம்மன் கோயிலில் கும்பிட்டு, ஹக்கலைப் பூங்காவைப் பார்த்துக்கொண்டு சந்தோசமாகப் போனோம், அது வரைக்கும் பெரிய பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு வெலிமடைப் பக்கம் பாதை இறங்கத் தொடங்கும். இறக்கம் என்றால் நான் ஒரு பாலத்து இறக்கம் மாதிரி நினைத்திருந்தேன். அங்கே ஊரே கீழே போகிறது. கண்ணுக்கு எட்டியவரை படி படியாக மரக்கறித் தோட்டம், லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு, பச்சை எத்தனை வகை என்று எண்ணலாம். நான் எண்ணிக்கொண்டு இரண்டு பிறேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி இறங்கினேன், அதுதான் பிழை. ஒரு வளைவில் வெடிச்சத்தம். எங்கள் ஊர் ஆள் வெடிச்சத்தம் கேட்டால் என்ன செய்வான், குனிந்தேன், குனிந்ததோடு சைக்கிளும் போனது. நல்ல காலம் விழுந்தது மலைப்பக்கத்து வடிகானுக்குள். மற்றப் பக்கம் என்றால் இதை எழுத ஆள் இல்லை.

தோட்டத்தில் நின்ற ஒரு சிங்கள ஐயா ஓடி வந்து தூக்கினார். எனக்குத் தெரிந்தது பஸ் நிலையச் சிங்களம், அவருக்குத் தெரிந்தது சந்தைத் தமிழ், அதுவே போதுமாக இருந்தது. லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டியில் லீக்ஸ் கட்டுகளுக்கு மேல் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய் வெலிமடையில் மருந்து கட்டுகிற இடத்தில் விட்டார், காசு வாங்கவில்லை. ஒரு கிழமைக்கு என் சட்டையில் லீக்ஸ் மணம் போகவில்லை.

வாடகைக்கு எடுத்தால் பெயின்றைப் பார்க்காதீர்கள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கொழுந்துக்கூடை (பண்டாரவளைப் பக்கம் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது செட்டிகுளம்)

இந்த இழையை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எல்லோரும் சைக்கிளைப் பற்றியே எழுதுகிறீர்கள், மலையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

முதலில் மாதம். மலைநாடு என்று ஒரே மழையை நினைக்க வேண்டாம், அங்கே இரண்டு பக்கம் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அட்டன், தலவாக்கலை, கினிகத்தேனைப் பக்கம் மழையைக் கொட்டும். கொட்டிவிட்டு மலையைத் தாண்டிக் கிழக்கே எங்கள் ஊவாப் பக்கம் (வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை) இறங்கும்போது காய்ந்துபோன காற்றாகத்தான் வரும். அதுதான் கச்சான். கிளிநொச்சியில் உங்கள் முகத்தில் புழுதி அடிக்கிற கச்சானும் அதேதான், எங்கள் மலையில் மழையைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறது. ஊவாத் தேயிலைக்கு ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை தனி மணம் வருவது அந்தக் காற்றால். ஆகவே ஓகஸ்டில் வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை நல்லது, நுவரெலியாவில் தூறல் இருக்கும். அக்டோபர், நவம்பரில் மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்க வேண்டாம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு (தோட்டத்து வரிசை வீடுகள்) மலை இறங்கியது இந்தப் பருவ மழையில்தான். எந்த மாதம் என்றாலும் கிளம்ப முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பாதை. ஏறுகிற வேலையை ரயிலிடம் விடுங்கள். நானுஓயாவில் இறங்கி நுவரெலியா போய் முதல் நாள் சும்மா இருங்கள், 1868 மீற்றர் உயரம், வன்னி உடம்புக்குக் குளிர் பழக ஒரு இரவு வேண்டும். ஸ்வெட்டர் போதாது, காது மூடத் தொப்பி வேண்டும், சிரிக்காதீர்கள். இரண்டாம் நாள் ஹக்கலை தாண்டி வெலிமடை, அங்கேயே தங்குங்கள், மன்னார்த் தம்பி மாதிரிப் பறக்க வேண்டாம். மூன்றாம் நாள் பண்டாரவளை. வெலிமடைக்குப் பிறகு இறக்கமும் ஏற்றமும் மாறி மாறி வரும், இறங்கியதை எல்லாம் திருப்பிக் கேட்கும். நாலாம் நாள் அப்புத்தளை, பன்னிரண்டு கிலோமீற்றர் அளவுதான், காலையிலேயே போய்விடலாம். அந்த ஊர் ஒரு கத்தி முனை மாதிரி, பஸ் நிலையத்தில் நின்றால் ஒரு பக்கம் ஊவா, மறு பக்கம் தெற்குச் சமவெளி கடல் வரைக்கும். பின்னேரம் ஆனால் மூடுபனி ஏறிவிடும், பக்கத்தில் நிற்பவர் தெரியமாட்டார், அந்த நேரம் ஓடக்கூடாது.

ஐந்தாம் நாள்தான் முக்கியம். விடிய நாலரைக்கு எழும்பி தம்பேதன்னைத் தோட்டத்துப் பாதையைப் பிடியுங்கள். அந்தத் தொழிற்சாலை லிப்டன் துரை 1890இல் கட்டியது. அதற்கு மேலே ஏழு கிலோமீற்றர் தோட்டத்துக்குள்ளாலேயே சுற்றிச் சுற்றி ஏறினால் அவர் உட்கார்ந்து பார்த்த இடம், லிப்டன் சீட். மிதிக்க முடியாத இடத்தில் தள்ளுங்கள், அதில் ஒரு மானக்குறைவும் இல்லை. ஏறும்போது கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் உங்களை முந்திப் போவார்கள், வணக்கம் சொல்லுங்கள், எல்லோரும் தமிழ்தான். கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். எட்டு மணிக்கு முன் மேலே போய்விட வேண்டும், பிறகு முகில் மூடிவிடும்.

இன்னொன்று, குளவி. தோட்டத்து மரங்களில் கூடு இருக்கும். சனம் போகிற வருகிற இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை என்றால் ஏதோ காரணம் இருக்கிறது, நீங்களும் சத்தம் போடாமல் திரும்புங்கள்.

வாடைக்காற்று (புதுக்குடியிருப்பு)

அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் ரயிலில் ஏறிப் போய்ச் சைக்கிளில் இறங்குவது ஒரு பயணமா? கம்பளையில் தொடங்கி புசல்லாவ, றம்பொடை, லபுக்கலை என்று மிதித்து ஏறவேண்டும். 500 மீற்றரில் இருந்து 1868. றம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர், அதைப் பார்த்துக்கொண்டே வளைவு வளைவாக ஏறுவதுதான் கிக். நான் ஒரே நாளில் செய்வேன்.

பனங்கூடல்

செய்வீர்கள் தம்பி, 22 வயதில் நானும் எல்லாம் செய்வேன் என்றுதான் சொன்னேன். பிரச்சினை உங்கள் கால் இல்லை, பஸ். போன மாதம் 11ஆம் திகதி விடியற்காலை கொத்மலை கரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்ட சனம் செத்ததே, அது நீங்கள் சொல்கிற அந்தப் பாதைதான். ஒடுக்கமான பாதை, மேலே இருந்து மரக்கறி லொறி, கீழே இருந்து நேரத்துக்கு ஓடுகிற பஸ், நடுவில் நீங்கள் மணிக்கு ஆறு கிலோமீற்றரில் ஆடி ஆடி ஏறுவீர்கள். எல்லயில் இருந்து வெல்லவாய இறங்குவதும் அப்படித்தான், அதையும் விடுங்கள்.

வாடைக்காற்று

பயந்தால் ஏ9இல் கூட ஓட முடியாது. அங்கே இரவில் பஸ் ஓடுகிற வேகம் தெரியும்தானே.

பனங்கூடல்

அதனால்தான் நான் ஏ9இலும் இரவில் ஓடுவதில்லை.

தேத்தாமரம் (முருங்கன்)

வாடைக்காற்றுத் தம்பிக்குக் கட்டாயம் முழுவதும் மிதிக்கத்தான் வேண்டும் என்றால் வேறு ஒரு பாதை இருக்கிறது. இந்த இழையில் ஒருவரும் அதை நினைக்கவில்லை, எனக்கு அது கொஞ்சம் மனவருத்தம்.

தலைமன்னாரில் தொடங்குங்கள். மன்னார், முருங்கன், மடுச் சந்தி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. சுமார் 250 கிலோமீற்றர். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து தோணியில் வந்து இறங்கிய சனம் மலைக்கு ஏறியது இந்தப் பக்கத்தால், நடந்து. ரயில் கிடையாது, பாதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது, எங்கள் வன்னிக் காட்டுக்குள்ளாலே தண்ணீர் இல்லாமலும் கொலராவிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. 2023இல், மலையகத்துக்கு 200 வருடம் என்று, ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி போனது. எங்கள் ஊரால் போனபோது நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன், மடுச் சந்தி வரைக்கும், அதற்கு மேல் முழங்கால் விடவில்லை.

சைக்கிளுக்கு அது நல்ல பாதை. மாத்தளை வரைக்கும் மேடு உங்களுக்குத் தெரியாமலே ஏறும், மாத்தளையே 350 மீற்றர் அளவுதான். நாலு நாளில் போகலாம். ஆனால் மதவாச்சி தாண்டினால் பின்னேரத்தில் யானை கவனம், மாலை நாலு மணிக்கு மேல் ஓட வேண்டாம். ஓகஸ்டில் கச்சான் எதிர்க்காற்றாகவே வரும், கொஞ்சம் அழ வைக்கும்.

குளத்தடி

ஐயா, நீங்கள் இதை எழுதியதும் நான் போனை வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

முதல் பதிவில் நான் ஒரு விடயத்தை எழுதவில்லை. அப்புத்தளையைச் சும்மா அழகுக்காகத் தெரிவு செய்யவில்லை. என் அம்மாயி அங்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவ. 1977 கலவரத்தில் லயத்தை விட்டு இரவோடு இரவாக இறங்கி, லொறியில் வவுனியா வந்து, பிறகு கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் நாங்கள். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. நான் பிறந்தது படித்தது எல்லாம் இங்கேதான், ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வாய் தவறி அம்மம்மாவை ‘அம்மாயி’ என்று சொல்லிவிட்டேன், அன்றைக்கு எனக்கு வைத்த, தோட்டத்து ஆட்களை இழிவாகச் சொல்கிற பட்டம் பத்தாம் வகுப்பு வரைக்கும் போகவில்லை. என்ன பட்டம் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அம்மாயிக்கு 83, தோட்டத்துப் பெயரைக் கேட்டால் சொல்கிறா, ஆனால் அந்தப் பெயரில் கூகுள் வரைபடத்தில் ஒன்றும் வரவில்லை. அதனால்தான் எல்ல ‘முடிந்தால்’ என்று எழுதினேன். அப்புத்தளை மட்டும் கட்டாயம்.

கொழுந்துக்கூடை

அட தம்பி, இதை முதலே சொல்லியிருக்கக்கூடாதா.

வரைபடத்தில் வராது. தோட்டங்களுக்கு இரண்டு பெயர். கடுதாசியில் இருப்பது துரைமார் வைத்த பெயர், ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயராக இருக்கும். சனம் சொல்வது தமிழ்ப் பெயர், ஒன்றுக்கும் மற்றதுக்கும் பல இடங்களில் ஒரு சம்பந்தமும் இருக்காது. அம்மாயியிடம் தோட்டத்துப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மேல் டிவிசனா கீழ் டிவிசனா, எந்தக் கங்காணியின் பிரட்டு (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்), கொழுந்து எந்தத் தொழிற்சாலைக்குப் போனது, பக்கத்தில் ஆறா ரயில் பாதையா, கோயில் மாரியம்மனா முனியாண்டியா, இதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதில் துரைமார் வைத்த பெயர் இருக்கும். இரண்டையும் சேர்த்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், எங்கள் அண்ணன் இன்னும் அந்தப் பக்கம்தான், ஓட்டோ ஓடுகிறார், அவருக்குத் தெரியாத டிவிசன் கிடையாது.

நந்தியாவட்டை (முல்லைத்தீவு)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் இரண்டு பெண்கள் இதே பாதையில் போகலாமா? வீட்டில் கேட்பதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டும். முக்கியமாகக் கழிப்பறை.

கொழுந்துக்கூடை

போகலாம் தங்கச்சி. பெரிய பாதையில் ஊருக்கு ஊர் தேத்தண்ணிக் கடை இருக்கிறது, தோட்டத்துக்குள் கோயிலடியிலோ பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலோ கேட்டால் மறுக்கமாட்டார்கள். தங்குகிற இடத்தை முதலே போனில் பேசி, வீட்டோடு இருக்கிற விடுதியாக எடுங்கள். தனிமையாக ஓடுவதென்றால் காலை ஆறில் இருந்து பின்னேரம் மூன்று வரைக்கும். வீட்டில் கேட்பதற்கு என்னிடம் யோசனை இல்லை, நான் கேட்காமலே கலியாணம் செய்தவள்.

பாலைப்பழம்

சைக்கிள் கொண்டுபோவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ரயில் என்றால் பொதியாகக் கொடுக்க வேண்டும், கார்ட் பெட்டியில் போகும். ஆனால் வடக்குப் பாதையில் வந்து பொல்காவலையில் இறங்கிப் பதுளை ரயில் பிடிக்கவேண்டும், மூன்று சைக்கிளைப் பாலத்துக்கு மேலால் தூக்கி இறக்க உங்களிடம் நேரம் இருக்குமா தெரியாது. நான் மரக்கறி வியாபாரம். கெப்பெட்டிப்பொலையில் இருந்து கரட்டும் லீக்ஸும் வவுனியா வருகிற லொறிகள் திரும்பும்போது வெறுமையாகத்தான் போகின்றன. சைக்கிள் மூன்றையும் சாக்குச் சுற்றி ஏற்றிவிடுங்கள், வெலிமடைக்குப் பக்கம்தானே கெப்பெட்டிப்பொலை. நீங்கள் ரயிலில் கையை வீசிக்கொண்டு போகலாம். மனிசி இதற்குச் சம்மதம்.

சில்லுக்காரன்

லொறி நல்ல யோசனை. கியர் பக்கம் மேலே பார்க்கப் படுக்க வைக்கவும், செயின் பக்கத்தில் சுமை விழுந்தால் அங்கே போய்த் திருத்த ஆள் தேடவேண்டும்.

குளத்தடி – 26 ஓகஸ்ட் 2025

போய் வந்துவிட்டோம். நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சைக்கிளில் இரண்டு மாட்டுக்கொட்டில் சைக்கிள், மாங்குளத்தில் புதுப்பித்தது. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் (காற்று இல்லை, நிலக்கடலை) இரண்டு பை வாங்கித்தான் கிளம்பினோம், அந்தக் கச்சான் வெலிமடை வரைக்கும் வந்தது. சைக்கிள் லொறியில் வந்ததால் முதல் இரண்டு நாளும் திட்டம் மாறிவிட்டது. நுவரெலியாவில் கால்நடையாகச் சுற்றிவிட்டு பஸ்ஸில் வெலிமடைக்கு இறங்கினோம். பனங்கூடல் விழுந்த வளைவு எது என்று பார்த்துக்கொண்டு வந்தோம், எல்லா வளைவும் அதுவாகத்தான் இருந்தது. பஸ்ஸிலேயே மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

வெலிமடை–பண்டாரவளை. அக்கா சொன்ன மாதிரி இறங்கியதை எல்லாம் திருப்பிக் கேட்டது. முதல் ஏற்றத்தில் நான் கியரைப் பிந்தி மாற்றினேன், செயின் இறுகிக் கழன்றது. சரிவு வர முதலே சின்னப் பல்லுக்குப் போய்விட வேண்டும், பாரம் ஏறிய பிறகு மாற்றினால் இப்படித்தான் என்று படித்துக்கொண்டேன். மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினோம். ஒரு இடத்தில் பால் கான் கட்டிய சைக்கிளில் ஒரு பெரியவர், கியர் இல்லை, எங்களைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார், சிரித்தார். இறக்கத்தில் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வந்தோம், சில்லுக்காரன் அண்ணை. மூன்று தரம் நிறுத்தித் தேத்தண்ணி. பண்டாரவளை வரும்போது ஒரு சோடி கட்டை முடிந்தது, உண்மையில் முடிந்தது, மாற்றினோம்.

லிப்டன் சீட்டுக்கு விடிய ஏறினோம். பாதி மிதி, பாதி தள்ளு. மேலே போய்ப் பத்து நிமிடத்தில் முகில் வந்து மூடிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எழுத வரவில்லை, படம் போட்டிருக்கிறேன்.

தோட்டம் கிடைத்தது. பெயர் போடவில்லை, அங்கே இப்போதும் சனம் இருக்கிறது. அக்காவின் அண்ணன் ஓட்டோவில் முன்னே போக நாங்கள் பின்னால் மிதித்தோம். அம்மாயி சொன்ன கோயில் இருக்கிறது, தகரக் கூரை மாறி ஓடு போட்டிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலி இருக்கிறது. லயம் அதேதான், வரிசையில் ஏழாவது காம்பரா (அறை). இப்போது இருக்கிற அம்மா உள்ளே கூப்பிட்டு ரொட்டியும் சம்பலும் தந்தா. எங்கள் ஆட்கள் போன பிறகு வந்த குடும்பம். ‘வன்னியில் இருந்தா, அங்கே எங்கட ஆளுகளுக்குக் காணி குடுத்தாங்களாமே’ என்று கேட்டா. கொடுத்தார்கள், சிலருக்குக் காணி உறுதிப் பத்திரம் இன்னும் இல்லை என்று சொன்னேன். இங்கேயும் காணி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்றா.

அம்மாயிக்கு வீடியோ கோல் எடுத்தேன். கோயிலைக் காட்டினேன், பீலியைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு சைக்கிளைக் காட்டி இதில்தான் வந்தேன் என்றேன். ‘நாங்க அந்த மலைய விட்டு எறங்கவே அவ்வளவு பாடுபட்டோம், நீ காசு குடுத்து ஏறுறியாடா’ என்று பேசத் தொடங்கினவ, சிக்னல் போகும் வரைக்கும் நிறுத்தவில்லை. நேற்று வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, லீக்ஸ் கொண்டுவந்தியா.

செலவு: மூன்று பேரும் சேர்த்து மாட்டின் காது அளவு வந்திருக்கும்.

தேத்தாமரம்

தம்பி, ஏழாவது காம்பராப் படம் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

வாடைக்காற்று

நான் தலைமன்னார்–மாத்தளையைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஐயா, தங்க இடம் மடுவில் கிடைக்குமா?

தேத்தாமரம்

மடு வரைக்கும் ஏன், முதல் இரவு முருங்கனில் எங்கள் வீட்டில் தங்குங்கள்.

சில்லுக்காரன்

குளத்தடி, முடிந்த அந்தக் கட்டையை எறியாமல் கொண்டுவாருங்கள். கடையில் தொங்கவிட்டால் இனி வருகிற பெடியளுக்கு நான் கதைக்கத் தேவையில்லை.

பாலைப்பழம்

மனிசியும் வருகிறாவாம். அந்த மாட்டுக்கொட்டில் சைக்கிள் இரண்டையும் டிசம்பர் லீவுக்கு எனக்கு விடுங்கள், லொறி என் பொறுப்பு.

கொழுந்துக்கூடை

டிசம்பர் வேண்டாம், எங்கள் பக்கம் வாடை மழை. மார்ச்சில் போங்கள். காது மூடத் தொப்பி.